குளோரியேட்டா கணவாயில் பெரட்டு

ஈப்போவில் இருக்கும் என் மச்சானுக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றால் கெட்டிஸ்பர்க் மட்டும்தான். 1863 ஜூலையில் மூன்று நாள் நடந்த அந்தச் சண்டையில் இரு தரப்பிலும் சேர்த்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். மேசைமேல் ஈயப் பொம்மைகளை நிறுத்தி, டேப் வைத்து அளந்து, பகடை உருட்டிப் போர் நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த எண்ணிக்கை கட்டுப்படியாகாது. ஐம்பது பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்தாலும் மூவாயிரம் பொம்மைக்கு வண்ணம் பூச வேண்டும். மச்சான் கல்யாணத்துக்கு முன்பே பூசத் தொடங்கினார். இப்போது அவர் மகன் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். வடக்குப் படையில் பாதிப் பேருக்கு இன்னும் கால்சட்டை இல்லை.

நான் கொஞ்சம் சோம்பேறி. அதனால் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போய்விட்டேன். அங்கே நடந்த சண்டைகளைப் பற்றி அமெரிக்கர்களே அதிகம் பேசுவதில்லை; படைகளும் சிறியவை. நியூ மெக்சிகோவில் 1862 மார்ச் 28 அன்று குளோரியேட்டா கணவாயில் நடந்த சண்டையில் ஒரு பக்கத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் இந்தத் தோட்டத்துப் பட்டணத்தில், பழைய ஸ்டாஃப் கிளப்பை இடித்தபோது வாங்கி வைத்த பிங்பாங் மேசை ஒன்று என் கார் கொட்டகையில் கிடக்கிறது. ஒரு கணவாய், இரண்டு பண்ணை வீடு, ஒரு மலை, எல்லாம் அதில் தாராளமாக அடங்கும்.

முட்டை அட்டைகளைக் கவிழ்த்துப் பழைய போர்வையால் மூடி மலை செய்தேன். மண்ணுக்கு ஒட்டுக்கடையில் வடிகட்டிக் கொட்டும் தேயிலைத் தூளை வாங்கிக் காயவைத்துத் தூவினேன். நியூ மெக்சிகோவின் செம்மண் அச்சாக அமைந்தது. ஆனால் அந்தத் தூளில் சுண்டிய பால் கலந்திருக்கும் என்பது எனக்கு முன்பே எறும்புகளுக்குத் தெரிந்துவிட்டது.

மச்சான் தெற்குப் படை, அதாவது டெக்சாஸ்காரர்கள். நான் நடுவர். வடக்குப் படைக்கு வருவதாகச் சொன்ன நண்பர் கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டதென்று கையை விரித்துவிட்டார். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

பெரியப்பா ஓய்வுபெற்ற கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. கித்தா (ரப்பர்) மரம் இருந்த காலத்தில் சேர்ந்து, செம்பனை வந்த பிறகு வெளியேறியவர். விடியற்காலை இருட்டில் பெரட்டு எடுத்து, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதி, ஸ்டோர் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு நடந்தவர். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்த செய்தியை அவரிடம் முதலில் சொன்னது நான்தான்.

"யாருக்கும் யாருக்கும் சண்டை?" என்றார்.

சுருக்கமாகச் சொன்னேன். அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென்மாநிலங்கள் ஒரு பக்கம், கூட்டரசு மறுபக்கம். தெற்கின் தளபதி ஹென்றி சிப்லி டெக்சாஸிலிருந்து மூவாயிரம் பேர் அளவில் ஒரு படையோடு கிளம்பி ரியோ கிராண்டே ஆற்றோரமாக மேலே வருகிறார். கொலராடோவின் தங்கச் சுரங்கங்களும், முடிந்தால் கலிபோர்னியாவின் துறைமுகங்களும் அவருக்கு வேண்டும்.

"சாப்பாடு?"

"போகிற வழியில் எதிரியின் கிடங்குகளைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்வதாகத் திட்டம், பெரியப்பா. ஆனால் அல்புகெர்க்கிக்குப் போய்ச் சேர்வதற்குள் வடக்குக்காரர்கள் அங்கிருந்த சரக்கைக் கொளுத்திவிட்டார்கள். அடுத்த பெரிய கிடங்கு யூனியன் கோட்டையில். அதற்குப் போகும் வழியில்தான் இந்தக் கணவாய்."

"கையில் அரிசி இல்லாமல் விருந்துக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்" என்று எழுந்து வந்து மேசையைப் பார்த்தார். "இதில் சிப்லி எங்கே?"

"சண்டை நடந்த இடத்தில் அவர் இல்லை. வில்லியம் ஸ்கரி என்ற கர்னல்தான் நடத்தினார்." சிப்லிக்கு மதுப்பழக்கம் உண்டு என்பதையும், கூம்பு வடிவக் கூடாரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"துரை கூடாரத்தில் படுத்திருப்பார், மண்டோர் வேலை வாங்குவான். புரிகிறது" என்றார். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மச்சான் தம் வீரர்களை வரிசையாக நிறுத்தி, பீரங்கிகளை மேட்டில் ஏற்றி, கெட்டிஸ்பர்க் தளபதிகளைப் போலக் கைகட்டி நின்றார். பெரியப்பா உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கோடு போட்டார். பிரிவின் பெயர், ஆள் எண்ணிக்கை, புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம் என்று தலைப்பு எழுதினார்.

"மாமா, முதல் நகர்வு உங்களுடையது" என்றார் மச்சான்.

"இருங்கள் மாப்பிள்ளை. பெரட்டு முடியவில்லை."

பொம்மை பொம்மையாகத் தொட்டு எண்ணினார். கொலராடோ தொண்டர் படையில் ஒருவனுக்குத் துப்பாக்கி உடைந்திருந்தது. அவனைத் தனியாக எடுத்து ஓரத்தில் வைத்து, "ஆயுதம் இல்லாதவனுக்கு வேலை இல்லை, சம்பளமும் இல்லை" என்று எழுதினார். வானம் இருட்டி, கொட்டகைத் தகரத்தில் மழை கொட்டியது. மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது என்பது அவர் இரத்தத்தில் ஊறியது. நியூ மெக்சிகோவில் மழை இல்லை என்று நடுவர் என்ற முறையில் நான் தீர்ப்பளித்த பிறகுதான் பகடையைத் தொட்டார்.

எடுத்ததும் என்னிடம் தனியாகக் கேட்டார்: "அவர்களுடைய ஸ்டோர் எங்கே? காவலுக்கு எத்தனை பேர்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வரலாற்றில் வடக்கின் கர்னல் ஜான் ஸ்லவ், டென்வரில் வக்கீலாக இருந்தவர், தம் படையைப் பிரித்து மேஜர் சிவிங்டனிடம் நானூறுக்கு மேற்பட்டவர்களைக் கொடுத்து மலைமேல் அனுப்பினார். எதிரியின் பின்புறத்தைத் தாக்குவதுதான் யோசனை. மலையைச் சுற்றி வழி காட்டியவர் மனுவேல் சாவேஸ் என்ற உள்ளூர் அதிகாரி. கீழே ஜான்சன் பண்ணையில் தெற்குப் படையின் வண்டிகள் சிறு காவலோடும் ஒற்றைப் பீரங்கியோடும் நின்றன. சிவிங்டன் அங்கே போய்ச் சேர்ந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. பெரியப்பா அதிர்ஷ்டத்தை நம்பிக் காத்திருக்கவில்லை.

"சிவிங்டன் ஆள் எப்படி?" என்றார்.

மெதடிஸ்ட் பாதிரியார் என்றேன். இரண்டரை வருடம் கழித்து, 1864 நவம்பரில், இதே மனிதர் சாண்ட் கிரீக்கில் ஷயென், அரபஹோ மக்களைப் பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் கொன்று குவித்ததையும் சொன்னேன். வண்டியைக் கொளுத்திய கதையை மட்டும் சொல்லிக் கைதட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரியப்பா சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு, நோட்டில் சிவிங்டன் பெயரை அடித்து "சாவேஸ் கோஷ்டி" என்று எழுதினார்.

மலைமேல் போகும் படை மேசையில் தெரியக் கூடாது என்பதால் அந்தப் பொம்மைகளை எடுத்துப் பிஸ்கட் டின்னில் போட்டேன். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு நகர்வுக்கும் என் நோட்டில் குறிப்பேன். பெரியப்பாவும் தம் நோட்டில் "வெளிவேலை" என்று குறித்துக்கொண்டார்.

மேசையில் மச்சான் வெளுத்து வாங்கினார். டெக்சாஸ்காரர்களில் பலருக்கு வேட்டைத் துப்பாக்கிதான். நெருங்கினால்தான் குண்டு உறைக்கும். அவர் நெருங்கினார். பெரியப்பா பின்வாங்கினார். பிஜியன் பண்ணையின் மண்சுவர் விழுந்தது. அதே நேரத்தில் இடது ஓரத்திலிருந்து எறும்பு வரிசை ஒன்று தேயிலை மண்ணில் இறங்கி, இரண்டு தரப்பையும் மதிக்காமல் சாலையைப் பிடித்துக்கொண்டது. மச்சான் ஊதினார், நான்கு குதிரை வீரர்கள் விழுந்தார்கள். ஊதி விழுந்தவர்களைப் போரில் விழுந்தவர்களாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தேன். பெரியப்பா மேல்முறையீடு செய்தார்.

இடையில் என் மனைவி தேநீரும் வடையும் கொண்டுவந்தாள். அப்போது வால்வெர்டே சண்டைக்கு முந்தைய இரவைப் பற்றிச் சொன்னேன். அதே ஆண்டு பிப்ரவரியில் வடக்கின் கேப்டன் பேடி கிரேடன் இரண்டு கிழட்டுக் கோவேறு கழுதைகளின் முதுகில் வெடிகுண்டுப் பெட்டிகளைக் கட்டி, திரியைக் கொளுத்தி, எதிரி முகாமை நோக்கி விரட்டினாராம். கழுதைகள் கொஞ்ச தூரம் போய்விட்டு, திரும்பி அவரையே பின்தொடர்ந்து வந்தனவாம். ஓடித் தப்பினார்கள் என்று கதை.

"சோறு போட்டவன் பின்னால்தானே வரும்? கழுதை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் இரண்டும் செத்ததற்கு ஸ்டோர் புத்தகத்தில் என்ன காரணம் எழுதியிருப்பான்?" என்றார் பெரியப்பா. அந்தக் கவலையில் ஒரு வடையை முழுசாக மறந்துவிட்டார். எறும்புகள் மறக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் கணவாய் மச்சான் கையில். "ஜெயித்துவிட்டேன் மாமா" என்று கையை நீட்டினார்.

நான் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மேசையின் அந்தக் கோடியில், மச்சானின் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜான்சன் பண்ணையில் சாவேஸ் கோஷ்டியை அடுக்கினேன். வண்டிகள் நான் தீப்பெட்டியில் செய்தவை. சட்டைப் பொத்தானில் சக்கரம், வளைந்த மூங்கில் குச்சிமேல் காயத்துக்குக் கட்டும் துணியில் கூரை. ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். மச்சான் நீட்டிய கை அப்படியே நின்றது.

வரலாற்றிலும் இதுதான் நடந்தது. ஸ்கரி களத்தை வென்றார். ஆனால் உணவு, வெடிமருந்து, போர்வை எல்லாம் சாம்பல். முதலில் சாண்டா ஃபேக்கு, பிறகு வந்த வழியே டெக்சாஸுக்குப் பட்டினியோடு திரும்பவேண்டியதாயிற்று. இந்தச் சண்டையை மேற்கின் கெட்டிஸ்பர்க் என்று அழைப்பவர்கள் உண்டு. மச்சானைச் சமாதானப்படுத்த அதைச் சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை.

"எரிந்தது எத்தனை வண்டி?" என்றார் பெரியப்பா, பேனாவைத் திறந்து.

"அறுபதிலிருந்து எண்பது வரை சொல்கிறார்கள்."

"அறுபதா, எண்பதா? நடுவில் இருபது வண்டி எங்கே போனது?" கணக்கு நேராகாமல் அவர் எழுந்திருக்க மறுத்தார். எழுபது என்று போட்டு என்னிடமும் மச்சானிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நோட்டை மூடினார்.

மேசையைத் துடைத்துக்கொண்டே, அடுத்த முறை இன்னும் சிறிய சண்டை ஒன்று இருக்கிறது என்றேன். டெக்சாஸின் தென்கோடியில் பால்மிட்டோ ரான்ச், 1865 மே 12, 13. தெற்கின் பெரிய தளபதி லீ சரணடைந்து ஒரு மாதம் கழித்து நடந்தது. அதில் ஜெயித்ததும் தோற்றுப்போன தெற்குதான். மச்சான் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

பெரியப்பா நோட்டை மறுபடியும் திறந்தார். "வேலை முடிந்த பிறகு ஒரு மாதமா? அந்த ஓவர்டைமுக்கு எந்தத் துரை கையெழுத்துப் போட்டார்?"