உதடு அசைகிறது, குரலைக் காணோம்

நான் டிவி நிருபர். இன்று மாலை 6 மணி புல்லட்டினுக்கு ஒன்றரை நிமிட ஸ்டோரி தருவதாக ரன்டவுனில் (செய்திகளின் வரிசைப் பட்டியலில்) என் பெயர் இருந்தது. ஓடியது 20 நொடி. அதுவும் செய்தி வாசிப்பாளரின் குரலில்.

விஷுவல் எல்லாம் காலையிலேயே எடுத்து முடித்தாயிற்று. ஸ்டோரிக்குத் தேவையான அதிகாரியின் பைட்டும் (கேமரா முன் பேசும் சிறு பேட்டி) மற்ற சேனல்கள் வருவதற்குள் கிடைத்துவிட்டது. ஆள் நன்றாகவே வெடித்தார். வண்டியில் ஏறிப் போட்டுப் பார்த்தால் உதடு மட்டும் அசைகிறது! கேமராவில் ஆடியோ இன்புட்டை யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். காலர் மைக் ரிசீவரில் விளக்கு எரிந்ததை நம்பி, நானும் கேமராமேனும் ஹெட்போன் போடவில்லை. புதிதாக வருபவர்கள் இதையாவது செய்யுங்கள்: பேசுபவரை முதலில் தன் பெயரையும் பதவியையும் சொல்லச் சொல்லி, அதைப் போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் கேள்விக்குப் போங்கள். திரையில் போடும் பெயர்ப் பட்டையிலும் தப்பு வராது.

திரும்பப் போனேன். “ஒரு தடவைதான் பேசுவார்” என்று உதவியாளர் கதவருகிலேயே மறித்தார். அதிகாரி காருக்கு வரும்வரை இரண்டு மணி நேரம் நின்றேன். “சார், தப்பு எங்களுடையது, குரல் பதிவாகவில்லை” என்று உள்ளதைச் சொன்னதும் சிரித்துவிட்டு 40 நொடி பேசினார். ஆனால் காலையில் சொன்ன அந்தச் சூடான வாக்கியம் வரவில்லை. நாமாக எடுத்துக்கொடுக்கவும் கூடாதே.

இதற்கிடையே லைவ். காது இயர்பீஸில் என் குரலே இரண்டு நொடி தாமதமாகத் திரும்பி வருகிறது. லைவ் பேக்கில் (களத்திலிருந்து நேரலையை அனுப்பும் கருவி) அந்தத் தாமதம் இருக்கத்தான் செய்யும். அதனால்தான் நம் குரலைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் நம் காதுக்கு அனுப்ப வேண்டும், பிசிஆரில் (ஸ்டுடியோ கட்டுப்பாட்டு அறை) மறந்துவிட்டார்கள். நாக்கு குழறியது. நடுவில் இயர்பீஸைப் பிடுங்கிவிட்டு, நானாகப் பேசி முடித்தேன். அதன்பிறகு ஒரு தடுமாற்றமும் இல்லை. இன்றைய நாளில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான். ஆனால் லைவுக்கு முன்பே மைக்கில் ஒன்று, இரண்டு எண்ணிப் பார்த்துவிடுங்கள். காதில் எதிரொலித்தால் அப்போதே சத்தம் போடுங்கள்.

5:50-க்கு எடிட் முடிந்தது. 5:55-க்கு வேறொரு பிரேக்கிங் வந்தது. என் ஸ்டோரி காலி.

இப்போது டெஸ்க்கிலிருந்து போன். காலை புல்லட்டினில் முழுதாகப் போடுகிறார்களாம். வாய்ஸ் ஓவரில் (காட்சிக்குப் பின்னால் ஓடும் என் குரல்) ‘இன்று’ வருகிற இடத்தில் எல்லாம் ‘நேற்று’ என்று மாற்றிப் பேசி அனுப்ப வேண்டுமாம்.