ஆப் பேரை எழுதிக்கொண்டு போனால் மனு திரும்பி வரும்

குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். அதில் இரண்டு தண்டம்.

ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் 41,300 ரூபாய் ரொக்கமும், சுமார் 1.8 லட்சத்துக்குக் காயினும் மாட்டிக்கொண்டன. 'பராமரிப்புப் பணி' என்று ஒருநாள் காலையில் வித்டிராவலை நிறுத்தினார்கள். ஏழு மாதமாகியும் பராமரித்துக்கொண்டே இருந்தார்கள். வழக்கு நடப்பதால் பெயர் வேண்டாம்.

நான் ஏமாந்தது ஒரே வரியில்தான். 'எஃப்ஐயு பதிவு பெற்றது' என்று, அதாவது மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவில் பதிந்தது என்று, ஆப்பின் முகப்பிலேயே போட்டிருந்தார்கள். சரி, அரசாங்கம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறது என்று நம்பிவிட்டேன். அந்தப் பதிவு 2023 மார்ச்சில் கிரிப்டோ கம்பெனிகளைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததால் வந்தது. நான் கள்ளப்பணம் போடுகிறேனா என்று பார்க்கத்தான் அது. போட்ட பணத்தை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அதன் வேலையில்லை. பேங்க் முழுகினால் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. ஷேர் என்றால் டீமேட் கணக்கில் நம் பேரில் கிடக்கும். இதற்கு இரண்டுமே கிடையாது. ஜப்பானில் வாடிக்கையாளர் பணத்தை டிரஸ்ட்டில் தனியாகப் போட வேண்டும், காயினில் 95 சதவீதமாவது நெட் தொடர்பில்லாத வாலட்டில் இருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் மிகா என்கிற கிரிப்டோ சட்டப்படி கம்பெனிச் சொத்தோடு கலக்கக்கூடாது. நம்மிடம் 30 சதவீத வரி மட்டும் கச்சிதமாக வாங்கிக்கொள்கிறார்கள்.

பேங்க் புகார்களை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்குப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் அவர்கள் வரம்பிலேயே இல்லை.

முதல் தடவை ஒரு அலுவலகத்தில் மனுவை நீட்டினேன். எதிர்த்தரப்பு என்ற இடத்தில் ஆப் பேர். "இது ஆப் பேரு சார். கம்பெனி பேரு இன்னா? அட்ரஸ் இன்னா?" போனைக் காட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எழுதிக்கினு வாங்க." அவ்வளவுதான், இரண்டு நிமிஷம். போக வர அரைநாள்.

அடுத்த தடவை, ஆப்பின் நிபந்தனைகளைத் தோண்டி எடுத்த பேரோடு போனேன். அது வெளிநாட்டுக் கம்பெனி. "அங்கெல்லாம் நாங்க எப்படி சார் அனுப்புறது?" என்று அதே ஆள் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே டீக்கடையில் ஒரு வக்கீல் கேட்டார்: "காயின் வித்தப்போ ஒரு பர்சன்ட் டிடிஎஸ் புடிச்சாங்களா தம்பி? அப்போ 26ஏஎஸ் எடுத்துப் பாரு, உன் பேர்ல யார் யார் வரி புடிச்சாங்கன்னு அதுல இருக்கும்." எடுத்தேன். இந்தியக் கம்பெனியின் முழுப்பேர், வரி பிடிப்பவருக்கான டான் நம்பர், பிடித்த தேதி, தொகை எல்லாம் வரி இலாகாவின் தளத்திலேயே வரிசையாக இருந்தது! ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே கட்டிய டிடிஎஸ்தான் எனக்குச் சாட்சி. பேர் கிடைத்ததும் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் முகவரியும் வந்துவிட்டது.

மூன்றாவது பயணம் அந்த வக்கீலைப் பார்க்க. ஸ்கிரீன்ஷாட்டை வெறுமனே பிரிண்ட் எடுத்தால் போதாது, மின்னணு ஆவணங்களுக்கான புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றும் சேர்த்துவிடு என்றார். நுகர்வோர் புகாரை நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே ஏற்றினேன், ஒரு மணி நேர வேலை.

நோட்டீஸ் போன மூன்றாவது வாரம் 41,300 ரூபாய் கணக்கில் விழுந்தது. காயினுக்கு மட்டும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில். கிரிப்டோவும் சொத்துதான், அதை டிரஸ்ட்டில் வைக்க முடியும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்ன உத்தரவின் நகலை இணைத்திருக்கிறேன்.

உங்கள் ஆப் இன்னும் திறக்கிறதென்றால் டிரேடு ஹிஸ்டரியை இன்றைக்கே இறக்கி வையுங்கள். எனக்கு அந்தப் பக்கமே இப்போது வருவதில்லை. அடுத்த வாய்தா வருகிற 18ஆம் தேதி.