முப்பத்தோராம் நாள்

2025 மே 31, சனி

நாளை முதல் ஜூன் 30 வரை இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்வதாக எனக்கு நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியைக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் படுக்கையறைக்குள் நுழைவது என்பது ஒன்று. காலையில் பல் துலக்கியதும் இருபது நிமிடம் நோட்டுப்புத்தகத்தில் கையால் எழுதுவது என்பது மற்றொன்று. எதைப் பற்றி எழுதுவது என்பதற்கு நிபந்தனை இல்லை.

இதுவரை நான் எடுத்த தீர்மானங்கள் எல்லாம் 'இனிமேல்' என்ற சொல்லில் தொடங்கியவை. இனிமேல் தினமும் நடப்பேன், இனிமேல் நேரத்தோடு படுப்பேன், இனிமேல் கோபப்படமாட்டேன். மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுபோல அந்த உறுதி பிறந்த சூழல் கலைந்ததும் உறுதியும் சேர்ந்து கலைந்துவிடும். ஆரம்பசூரன் என்ற பட்டத்தை வீட்டில் எனக்கு எப்போதோ சூட்டிவிட்டார்கள். ஆகவே இம்முறை 'இனிமேல்' என்பதைக் கைவிட்டு, முப்பது நாள் கெடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மகளிடம் இதைச் சொன்னபோது, "சரிப்பா, முப்பத்தோராம் நாள் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். முதலில் முப்பதை முடிக்கிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

மாதத்தின் முதல் நாள், வாரத்தின் முதல் நாள் இரண்டும் இன்று ஒன்றாக வந்தன. இத்தகைய நாள்களில் மனிதர்கள் புதிய முயற்சிகளைத் தொடங்கும் போக்கு அதிகம் என்பதை ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மேன், ஜேசன் ரைஸ் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாள் போன்றவை பழைய தோல்விகளை முந்தைய கணக்கில் எழுதிவிட்டுப் புதிய பக்கத்தைத் திறக்க உதவுகின்றனவாம். தொடங்குவதில் எனக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை. ஒன்றாம் தேதிகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. இரண்டு காரியங்களும் நடந்தன. சுவர் நாள்காட்டியில் இரண்டு கோடுகள்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்றிரவு கைப்பேசி மீண்டும் படுக்கையறைக்கு வந்துவிட்டது. காலையில் என்னை எழுப்புவது அதுதான் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அலாரத்துக்காக உள்ளே எடுத்து வந்தேன், அலாரத்தை வைத்தேன், கை தானாகவே செய்திகளைத் திறந்தது. விளக்கை அணைக்கும்போது மணி பதினொன்றே முக்கால். ஒரு பழக்கத்தை எடுத்து வெளியே வைக்கப் போனால், அதைப் பிடித்துக்கொண்டு வேறு நான்கு பழக்கங்கள் தொங்குவது அப்போதுதான் தெரிகிறது. பரணில் கிடந்த பழைய மேசைக் கடிகாரத்தை இன்று இறக்கி, துடைத்து, சாவி கொடுத்தேன். அதன் டிக் டிக் ஓசை தூக்கத்தைக் கெடுக்கிறது. இருந்தாலும் செய்திகளைப் படிக்கச் சொல்லி அது என்னை அழைப்பதில்லை.

ஜூன் 5, வியாழன்

இருபத்தொரு நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று அலுவலக நண்பர் ஒருவர் இன்று அடித்துச் சொன்னார். அந்த எண் எங்கிருந்து புறப்பட்டது என்பது எனக்குத் தெரியுமாதலால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960இல் வெளியிட்ட நூலில், முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் தங்கள் புதிய முகத்துக்குப் பழகுவதற்குக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆகிறது என்று தம் அனுபவத்திலிருந்து எழுதினார். காலப்போக்கில் 'குறைந்தது' என்ற சொல் உதிர்ந்துவிட்டது. சொந்த முகத்துக்குப் பழகுவதும் விடியற்காலையில் எழுந்து ஓடுவதும் ஒரே கணக்கில் சேர்க்கப்பட்டுவிட்டன.

உட்கார்ந்து அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும். அவர்களுடைய ஆய்வில் 96 பேர் ஆளுக்கொரு புதிய செயலைத் தேர்ந்தெடுத்து, நாள்தோறும் ஒரே சந்தர்ப்பத்தில் 84 நாள் செய்து, அது எந்த அளவுக்கு யோசிக்காமலே நடக்கிறது என்பதைப் பதிவு செய்தார்கள். அந்தத் தன்னியல்பு ஏறி ஏறி, இனி ஏறாது என்ற நிலைக்கு அருகில் வருவதற்கு நடுமதிப்பாக 66 நாள் ஆயிற்று; ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது. ஆய்வு நடந்ததே 84 நாள்தான் என்பதால், 254 என்பது வளைகோட்டை முன்னோக்கி நீட்டிக் கணக்கிட்ட எண்தான். எளிய செயல்கள் விரைவிலும் உடற்பயிற்சி போன்றவை தாமதமாகவும் அந்த நிலையை எட்டின. நண்பர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் உங்கள் முப்பது நாளும் போதாதே" என்றார்.

அவர் சொன்னது சரிதான். முப்பது நாளில் பழக்கம் வேரூன்றிவிடும் என்று நான் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் அதே ஆய்வில் எனக்குத் தெம்பு தரும் செய்தி ஒன்றும் இருக்கிறது. அந்த வளைகோடு தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, போகப்போகத் தட்டையாகிறது. அதாவது முதல் சில வாரங்களில் செய்யும் ஒவ்வொரு தடவையும் பின்னால் செய்யும் தடவைகளைவிட அதிகமாகச் சேர்த்து வைக்கிறது. கெடு சிறியதாக இருந்தாலும் அது விழுகிற இடம் நல்ல இடம்.

ஜூன் 9, திங்கள்

பத்து மணி என்பது என்னைக் கூப்பிடுவதில்லை என்பதைக் கண்டுகொண்டேன். பத்து மணிக்கு ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன், இன்னொரு நாள் தொலைபேசியில் அண்ணனோடு பேசிக்கொண்டிருக்கிறேன். நிமிர்ந்து பார்க்கும்போது பத்தரை ஆகியிருக்கிறது. காலை எழுத்து அவ்வாறு நழுவாததற்குக் காரணம், அது பல் துலக்குவதைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகளாக ஆராய்ந்த விஷயம் இது. 'சீக்கிரம் படுக்க வேண்டும்' என்ற குறிக்கோளோடு நிற்காமல், 'இன்னது நடந்ததும் இன்னது செய்வேன்' என்று சந்தர்ப்பத்தையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிட வேண்டும் என்கிறார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அப்படி முடிச்சுப் போட்டவர்கள் குறிக்கோளை எட்டுவதில் தெளிவான முன்னேற்றம் கண்டது தெரியவந்தது. ஆகவே வாக்கின் வாசகத்தை இன்று திருத்தினேன்: வாசற்கதவைத் தாழிட்டதும் கைப்பேசியை அலமாரியில் வைப்பேன். இரவில் மணி பார்க்க மறந்தாலும் கதவைத் தாழிட நான் ஒருநாளும் மறந்ததில்லை. ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றலாமா என்று மகள் கேட்டாள். விதியை எழுதியவனும் நான், ஆடுபவனும் நான், நடுவரும் நான் என்றேன்.

ஜூன் 14, சனி

இரண்டும் தவறின. நேற்று நள்ளிரவு தாண்டித்தான் வீடு திரும்பினேன். கதவைத் தாழிட்டதுகூட நினைவில்லை. காலையில் எழுந்தபோதே வெயில் ஏறியிருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

நேற்றைய வெற்றுக் கட்டம் நாள்காட்டியில் பல் விழுந்த இடம்போல் தெரிகிறது. காலையில் நோட்டுப்புத்தகத்தைப் பார்த்தபோது, சங்கிலிதான் அறுந்துவிட்டதே, இனி ஜூலை ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்கலாமே என்ற எண்ணம் மிக நியாயமான குரலில் வந்தது. இந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்; என் பழைய தீர்மானங்கள் அத்தனையையும் புதைத்தது இதுதான். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் ஒருவேளை கட்டுப்பாட்டை மீறிவிட்டால், 'இனி என்ன இருக்கிறது' என்று எண்ணி அன்று முழுவதும் கட்டுப்பாடின்றிச் சாப்பிடுவதை ஜேனட் போலிவியும் பீட்டர் ஹெர்மனும் ஆராய்ந்திருக்கிறார்கள். முழம் வழுக்கியதற்குச் சாண் ஏறிக்கொள்ளலாம் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த விஷயத்தில் மூத்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. புதிய பழக்கம் உறுதியாக வேரூன்றும்வரை ஒரு விதிவிலக்கைக்கூட அனுமதிக்கக் கூடாது என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதினார். கவனமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் நூற்கண்டைக் கைதவறிக் கீழே போட்டால் எத்தனையோ சுற்றுகள் ஒரே நொடியில் அவிழ்ந்துவிடும் என்பது அவர் சொன்ன உவமை. உவமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் லாலி குழுவினரின் அளவீட்டில், ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. நான் அளந்தவர்களின் பக்கம் நிற்கிறேன். எனக்கு அது வசதியான பக்கம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்று இரண்டும் நடந்தன.

ஜூன் 19, வியாழன்

சொல்ல எதுவும் இல்லை. இரண்டு கோடுகள்.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டை ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டது தவறோ என்ற ஐயம் வலுத்துவருகிறது. பெஞ்சமின் பிராங்ளின் இளமையில் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடிக்க முயன்றால் கவனம் சிதறும் என்று கருதி, வாரத்துக்கு ஒன்றை மட்டும் முதன்மையாக வைத்துக்கொண்டார். 13 வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்று. சிறு நோட்டுப்புத்தகம் ஒன்றில் கட்டம் போட்டு, தவறிய நாள்களில் கரும்புள்ளி வைத்தார். நான் நடந்ததற்குக் கோடு போடுகிறேன், அவர் நடக்காததற்குப் புள்ளி வைத்தார். என்னால் அவருடைய நோட்டைத் திறந்து பார்த்திருக்கவே முடியாது. பொருள்களையும் நேரத்தையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளும் குணம் மட்டும் தமக்குக் கடைசிவரை கைவரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது அவர்மீது மதிப்புக் கூடியது.

ஜூன் 27, வெள்ளி

கைப்பேசி விஷயத்தில் ஏதோ நடந்திருக்கிறது. நேற்று கதவைத் தாழிட்டுவிட்டு நடந்தேன். படுத்தபிறகுதான் கைப்பேசி எங்கே என்று யோசித்தேன். எழுந்துபோய்ப் பார்த்தால் அலமாரியில் இருந்தது. அதை வைத்தது நினைவில் இல்லை.

எழுத்து அப்படி இல்லை. இருபத்தாறு நாளுக்குப் பிறகும் ஒவ்வொரு காலையும் என்னை நானே பிடித்துத் தள்ளி நாற்காலியில் உட்காரவைக்க வேண்டியிருக்கிறது. எழுதியவற்றைப் புரட்டிப் பார்த்தேன். முதல் வாரத்தில் சில நல்ல பக்கங்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு பெரும்பாலும் 'இன்று எழுத ஒன்றுமில்லை' என்பதன் பல வடிவங்கள். எழுதுபவன் என்று என்னை நினைத்துக்கொள்ளும் ஆசைதான் எனக்கு இருந்ததே தவிர, எழுதிச் சொல்வதற்கு ஒன்றும் காத்திருக்கவில்லை போலும். இதை 'இனிமேல்' என்று தொடங்கியிருந்தால், பத்தாம் நாளே விட்டுவிட்டு, அதை என் மனவுறுதியின் குறையென்று ஆண்டுக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பேன். இன்னும் மூன்று நாள்தான் என்று தெரிந்திருப்பதால் உட்கார்ந்து எழுத முடிகிறது.

ஜூன் 30, திங்கள்

முடிந்தது. கைப்பேசிக்கு 28 கோடுகள், எழுத்துக்கு 29. எண்ணிக்கையில் எழுத்துதான் முன்னால் நிற்கிறது என்பது வேடிக்கை. அடுத்து என்ன என்பதை நாளை யோசிக்கலாம்.

ஜூலை 1, செவ்வாய்

நாளை யோசிக்கலாம் என்று எழுதியதற்கான கூலி உடனே கிடைத்தது. நாள்காட்டியில் ஜூன் தாளைக் கிழித்தபோது கெடுவும் அதோடு போய்விட்டது. இரவு கதவைத் தாழிட்டுவிட்டு, இன்று கட்டாயம் ஒன்றும் இல்லையே என்ற எண்ணத்தோடு கைப்பேசியுடன் படுத்தேன். பன்னிரண்டு மணிக்கு எழுந்து இதை எழுதுகிறேன். மே 31 அன்று மகள் கேட்ட கேள்விக்குப் பதிலை அன்றே எழுதி வைத்திருக்க வேண்டும். கெடுவின் கடைசி நாளில் இளைப்பாறலாம் என்று நினைத்தது என் பிழை. தீர்ப்பு எழுத வேண்டிய நாள் அது.

ஜூலை 2, புதன்

தீர்ப்பு: கைப்பேசிக்கு ஜூலை 31 வரை இன்னொரு தவணை. எழுத்தை விட்டுவிடுகிறேன். விடுவதில் வருத்தம் இல்லை. சொன்ன நாள்வரை செய்துவிட்டுத்தான் விடுகிறேன். ஜூலை 31 அன்று மாலை மறுபடி முடிவெடுப்பேன் என்பதை நாள்காட்டியில் அந்தக் கட்டத்திலேயே குறித்துவைத்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

வேலை நிமித்தமாக வெளியூரில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. ஒரே அறை, கூடம் இல்லை, அலமாரி இல்லை. கதவைத் தாழிட்டதும் கால் இரண்டடி எடுத்து வைத்து நின்றுவிட்டது. கைப்பேசியைப் பிடித்தபடி, எங்கே வைப்பது என்று தெரியாமல் சிறிது நேரம் நின்றேன். கடைசியில் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழிருந்த தட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். கடிகாரம் இல்லாததால் காலையில் எழத் தாமதமாகிவிட்டது. வீடு திரும்பி நாள்காட்டியைப் பார்த்தால், 15ஆம் தேதிக்குப் பிறகு கோடே இல்லை. அந்த நாள்களில் எல்லாம் கைப்பேசி அலமாரியில்தான் இருந்தது. கோடு போடத்தான் மறந்திருக்கிறேன்.