கம்பி மூடப்படும் முன்

சிவில் முடித்ததும் காரைக்குடியில் ஒரு சிறு ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்தேன். இப்போது சென்னையில் மென்பொருள் வேலை. "அந்த வருஷமெல்லாம் வீணாப் போச்சே" என்று சொந்தக்காரர்கள் இன்னமும் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் துளியும் இல்லை.

பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் என்று சுற்றுவட்டாரத்தில் புது வீடுகள் கட்டினோம். நடுநடுவே பழைய வீட்டு மராமத்தும் வரும். புது வீட்டில் கான்கிரீட் போடும் நாள்தான் பெரிய நாள். முதல் நாள் சாயங்காலமே சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகைத் தளம்) மேல் ஏறிவிடுவேன். கம்பி இடைவெளி சரியா, கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், அதாவது கவர், 20 மி.மீ. கிடைக்கிறதா, எலெக்ட்ரிக் பைப் கம்பியைத் தள்ளியிருக்கிறதா, கீழே முட்டு அசையாமல் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். கவர் குறைந்தால் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். கம்பி துருவேறி உப்பும், அடியில் காரை பெயர்ந்து விழும். அதே கான்கிரீட்டில் வார்த்த கட்டியை நசுக்கி வலுவைச் சொல்லும் கியூப் சோதனையின் முடிவுக்கே 28 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் மேலே சுவர் எழும்பியிருக்கும். எங்கள் மேஸ்திரி சொல்வார்: "தம்பி, கொட்டுனதுக்கு அப்புறம் கேக்காதீக. இப்பவே கேளுங்க."

பழைய வீடுகளில் அவர் இன்னும் கண்டிப்பு. ஒரு வீட்டில் சுண்ணாம்புச் சுவர்மேல் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்து மறுபடி பூசினார். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. செட்டிநாட்டுச் சுவரின் பளபளப்பைத் தொட்டுப் பார்ப்பவர்கள் அந்தக் கடைசிப் பூச்சைத்தான் புகழ்வார்கள். அடியில் இருக்கும் பூச்சுகள் பொறுமையாகக் காயாவிட்டால் அது நிற்காது. வீட்டுக்கார ஆச்சிக்கு அவசரம். "காயட்டும் ஆச்சி" என்பதற்கு மேல் மேஸ்திரி ஒரு வார்த்தை பேசவில்லை, வேலையையும் அவசரப்படுத்தவில்லை. அந்த உறுதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பில் தாமதமாகும், சம்பளமும் தாமதமாகும். தங்கை கல்யாணம் நெருங்கியது. ராத்திரியில் ஜாவா என்ற கணினி மொழி படித்து வேலை மாறினேன். அவ்வளவுதான் காரணம்.

மென்பொருளில் முதலில் எனக்குப் பிடித்தது, தவறானால் பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்பது. ஆனால் எல்லாவற்றுக்கும் அந்த வசதி இல்லை. டேட்டாபேஸில் வாடிக்கையாளர் விவரம் இருக்கும் ஒரு காலத்தை (column) நீக்கினால் நீக்கியதுதான். பேக்கப் இருக்கிறது என்பார்கள். அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. அதனால் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் முதல் வாரத்திலேயே பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றி, பதிவுகளின் எண்ணிக்கை அசலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அசல் டேட்டாவில் கை வைக்க வேண்டும். ரிலீஸ் தேதி நெருங்கினாலும் இதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. மேனேஜர் கேட்டால், "சரி பார்த்து முடியட்டும் சார்" என்று மட்டும் சொல்வேன்.