எலுமிச்சம்பழம் வைத்த படம்

2024 ஆயுத பூஜை அன்று காலை, வேலைக்குக் கிளம்பும் முன், இங்கிலாந்தின் ரெடிங்கில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. முந்தின நாள் சாயங்காலமே கழுவித் துடைத்து வைத்திருந்தேன். முன்சக்கரம் இரண்டுக்கும் பொட்டு வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தேன். பின்சக்கரங்களுக்குப் பழம் இல்லை. பையில் இருந்த நான்கில் இரண்டை மனைவி எலுமிச்சை சாதத்துக்குப் பிழிந்துவிட்டாள். ஈரோட்டில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப சக்கரத்துக்கு ஒரு படம் என்று இரண்டு சக்கரத்தையும் கிட்டப் போய் எடுத்தேன். அந்த இரண்டு படங்கள்தான் பிற்பாடு எனக்கு 240 பவுண்டு வாங்கிக் கொடுத்தன.

கார் ஏழு வருடப் பழசு. இங்கே மூன்று வயது தாண்டிய காருக்கு வருடா வருடம் எம்ஓடி என்று ஒரு சோதனை உண்டு. அந்த மாதம் பாஸாகிவிட்டது, ஆனால் முன்டயர் இரண்டும் தேய்ந்துபோகும் நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஒரு டயருக்கு 2,500 பவுண்டு வரை அபராதம், கூடவே லைசென்ஸில் மூன்று தண்டனைப் புள்ளி. நான்கு டயரும் தேய்ந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்த வாரம், 19ஆம் தேதி சனிக்கிழமை மாலை, டயர் கடைக்குப் போனேன். ஒரு டயர் 84 பவுண்டு, இரண்டு டயர், முக்கால் மணி நேரம். வெளியே வரும்போது மழை, இருட்டு. சக்கரத்தைக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை குப்பை போடப் போனபோது பார்த்தேன். இடது முன்சக்கரத்தின் விளிம்பில் மெல்லிசாக ஒரு கோடு, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி, பாதி வட்டத்துக்கு ஓடியது. வலது பக்கம் இன்னும் மோசம். விளிம்பில் நான்கு இடத்தில் கடித்து வைத்தது போல நான்கு பள்ளம். உள்ளே அலுமினியம் பளீரென்று தெரிந்தது.

இந்த வீல் சாதாரணப் பெயின்ட் அடித்தது இல்லை, டைமண்ட் கட் என்பார்கள். வீலின் முகத்தைக் கடைசல் எந்திரத்தில் ஏற்றி மெல்லிசாகச் சீவி, அந்தப் பளபளப்பின் மேல் கண்ணாடி மாதிரி லாக்கர் என்ற ஒரு பூச்சு பூசியிருக்கும். லாக்கர் உடைந்தால் அங்கிருந்து தண்ணீர் உள்ளே இறங்கும். இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீர் லாக்கருக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பரவும். "ரெண்டு கோடுதானே, விடுங்க" என்று மனைவி சொன்னது நியாயமாகத்தான் பட்டது, நவம்பரும் டிசம்பரும் வரப்போவது நினைவுக்கு வரும்வரை.

அன்றே கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பையன் குனிந்துகூடப் பார்க்காமல், "இது ஏற்கெனவே இருந்தது, கெர்ப்பில் உரசியிருப்பீர்கள்" என்றான். கெர்ப் என்றால் நடைபாதையின் ஓரக்கல். சுவரில் ஒரு போர்டைக் காட்டினான்: வீலுக்கு ஏற்படும் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று: ஊழியர்களிடம் குரலை உயர்த்தினால் வெளியேற்றப்படுவீர்கள். ஈரோட்டில் எங்கள் தெரு முனைப் பஞ்சர் கடையாக இருந்தால் நான் கத்தியிருப்பேன், அவர் கத்தியிருப்பார், டீக்கடையில் நிற்கிற நாலு பேர் வந்திருப்பார்கள், கடைசியில் அடுத்த இரண்டு பஞ்சர் இலவசம் என்று முடிந்திருக்கும். இங்கே கூட்டமும் இல்லை, டீயும் இல்லை. எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். 90களில் வந்தவர், பெட்ரோல் பங்கில் இரவு ஷிஃப்ட். நான் வாசலில் குந்தி உட்கார்ந்து வீலைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நின்றார். கதையைக் கேட்டார். "தம்பி, அங்கை போய்க் கதைச்சு வேலையில்லை. எழுத்திலை குடும். எழுத்திலை குடுத்தாத்தான் இவங்களுக்குக் காது கேக்கும்" என்றார். அப்புறம் அவரும் குனிந்து அந்த நான்கு பள்ளத்தையும் பார்த்தார். விரலால் ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் போனார். "கெர்ப் எண்டால் இப்பிடி அளந்து வைச்சுக் கடிக்குமோ?"

எனக்கு அதுவரை உறைக்கவில்லை. டயர் மாற்றுகிற எந்திரத்தில் வீலைப் பிடிக்க நான்கு கவ்விகள் உண்டு, நாலு திசையிலும் சம இடைவெளியில். அவற்றுக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட வேண்டும். டயரை உருவி ஏற்றுகிற வளைந்த தலைக்கும் அப்படி ஒரு பிளாஸ்டிக் துண்டு உண்டு. உறை தேய்ந்தோ விழுந்தோ போயிருந்தால் இரும்பு நேராக வீலில் படும். கவ்வி படுகிற இடத்தில் பள்ளம், தலை சுற்றுகிற வழியில் வட்டக் கோடு. கெர்ப்பில் உரசினால் ஒரே பக்கத்தில் சொரசொரவென்று அகலமாகச் சிராய்த்திருக்கும், அழுக்கும் ஏறியிருக்கும். நூலை வைத்து அளந்து பார்த்தேன். நான்கு பள்ளமும் கால் வட்டத்துக்கு ஒன்று. நூல் பிடித்தபடி ஒரு படம் எடுத்தேன்.

இது ஏதோ ஒரு டயர் கடையில் வந்த காயம் என்பதற்குச் சாட்சி. ஆனால் இந்தக் கடையில்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? அங்கேதான் எலுமிச்சம்பழம் வந்து நின்றது. டயர் மாற்றுவதற்கு எட்டு நாள் முன்பு எடுத்த படம், துடைத்துப் பளபளவென்று, விளிம்பு முழுசாகத் தெரிகிறது. அம்மாவுக்கு வாட்ஸப்பில் போன படத்தில் எடுத்த நேர விவரம் கழன்றுவிடும், அது உதவாது. போனில் இருந்த மூலப்படத்தில் தேதியும் நேரமும் அப்படியே இருந்தன.

முதல் கடிதத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். நம் ஊர் வக்கீல் நோட்டீஸ் வாசனை அதில் தூக்கலாக இருந்தது: மன உளைச்சல், குடும்பத்தார் அடைந்த வேதனை, 1,000 பவுண்டு. அண்ணை படித்துவிட்டுச் சிரித்தார். இங்கே இந்த மாதிரி விஷயத்தில் மன உளைச்சலுக்குக் காசு கிடையாது, போனது எவ்வளவோ அவ்வளவுதான். எவ்வளவு போனது என்பதை நாம் சொல்லக்கூடாது, வேறொருவர் சொல்ல வேண்டும். எனவே வீல் புதுப்பிக்கிற பட்டறை ஒன்றுக்குப் போய் மதிப்பீடு வாங்கினேன். ஒரு வீலுக்கு 120, வரியோடு. இரண்டுக்கு 240.

ஆபீஸில் சென்னைக்கார நண்பன் ஒருவன், "நாலு வீலையும் சேர்த்து எழுது மச்சி, எவன் பார்க்கப்போறான்" என்றான். வலது பின்சக்கரத்தில் உண்மையிலேயே ஒரு பெரிய சிராய்ப்பு இருந்தது. மல்டி ஸ்டோரி கார் பார்க்கில் வளைவில் ஏறும்போது நானே போட்டது. ஆசை வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கை வைத்தது முன்சக்கரத்தில் மட்டும் என்று பில்லிலேயே இருக்கிறது. அந்த ஒன்றைச் சேர்த்தால் மற்ற இரண்டும் சேர்ந்து போய்விடும்.

அக்டோபர் 21 அன்று மின்னஞ்சல் அனுப்பினேன். அரைப் பக்கம். என்றைக்கு வந்தேன், என்ன வேலை, என்ன ஆனது, எவ்வளவு வேண்டும், எந்தத் தேதிக்குள். சட்டத்துக்கு ஒரே ஒரு வரி: 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி எந்தச் சேவையும் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். அந்தப் பொறுப்பை ஒரு சுவர்ப் போர்டை மாட்டி முழுசாகக் கைகழுவ அந்தச் சட்டம் விடுவதில்லை. மக்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் தளத்தில் மாதிரிக் கடிதங்கள் இலவசமாகவே இருக்கின்றன. என் இரண்டு பக்கத்தைக் காட்டிலும் அவை நன்றாகவே இருந்தன.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியையும் சேர்த்து இழுக்க ஒரு வழி உண்டாம். ஆனால் அதற்கு வாங்கிய பொருளின் விலை 100 பவுண்டைத் தாண்டியிருக்க வேண்டும். மொத்த பில்லைப் பார்ப்பதில்லை, ஒரு பொருளின் விலையைத்தான் பார்ப்பார்கள். என் டயர் 84. அதோடு நான் கொடுத்தது டெபிட் கார்டு. சரி, அந்தக் கதவு இல்லை.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. தவறை ஏற்கவில்லை, ஆனாலும் நல்லெண்ணத்தில் அடுத்த டயருக்கு 50 பவுண்டு தள்ளுபடி. அதாவது, என் வீலைக் கடித்த அதே எந்திரத்துக்கு மறுபடி வரச் சொல்கிறார்கள். நன்றி, வேண்டாம் என்று எழுதினேன். நவம்பர் 4 அன்று வழக்குக்கு முந்தைய கடிதம், 14 நாள் கெடு. அதை அனுப்பும் முன் ஒரு சங்கதி கண்ணில் பட்டது. கடை வாசலில் பெரிதாக எழுதியிருக்கிற பெயர் வேறு, பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிற லிமிடெட் கம்பெனியின் பெயர் வேறு. வழக்கு என்று போனால் அந்தக் கம்பெனியின் மேல்தான் போட வேண்டும். கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் தளத்தில் தேடினால் பதிவு முகவரி காசில்லாமல் கிடைக்கிறது. அந்த முகவரிக்குத் தபாலில் போட்டு, தபால் நிலையத்தில் அனுப்பியதற்குச் சீட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கும் காசில்லை.

வழக்கு என்றதும் அம்மா போனில் பதறிவிட்டார். "அந்நிய தேசத்தில கோர்ட்டு கச்சேரின்னு போவியாடா?" நம் வீட்டில் கோர்ட் என்றால் தாத்தாவின் வரப்புத் தகராறு. அது அப்பா காலத்திலும் முடியவில்லை. இங்கே 10,000 பவுண்டு வரையான சிறு வழக்கை ஆன்லைனில் நாமே போடலாம். 300 பவுண்டுக்குள் கேட்டால் வழக்குப் போட அப்போது கட்டணம் 35, ஜெயித்தால் அதுவும் திரும்பி வரும். தோற்றாலும் எதிராளியின் வக்கீல் செலவு பொதுவாக நம் தலையில் விழாது. அந்த வருடம் மே மாதத்திலிருந்து இப்படிப்பட்ட பண வழக்குகளில் விசாரணைக்கு முன் தொலைபேசியில் ஒரு மணி நேரச் சமரசம் கட்டாயம். இதை அம்மாவுக்கு விளக்கினேன். "அப்ப வக்கீலே இல்லையா?" என்று கேட்டார். அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவ்வளவு தூரம் போகவில்லை. நவம்பர் 13 அன்று மேலாளர் ஒருவர் அழைத்தார், காரைக் கொண்டுவர முடியுமா என்று. போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், கையில் கிரீஸ். கவுன்டர் பையன் மாதிரி இல்லை, வந்ததும் முட்டி போட்டு உட்கார்ந்தார். வலது சக்கரத்தைப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய் எந்திரத்தின் கவ்விகளைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நான்கிலும் புத்தம்புது உறை, மஞ்சள் நிறத்தில். எப்போது மாற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு என் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்து, "இந்த மஞ்சள் என்ன? ஏதாவது பாலிஷா?" என்றார். சந்தனம் என்றேன். பழம்? காருக்குப் பூஜை, கண் படாமல் இருக்க என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேலை செய்யவில்லை போலிருக்கிறதே" என்றார். சிரித்துவிட்டேன். உண்மையில் வேலை செய்தது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

அவர்களுக்குத் தெரிந்த ஆள் வேனில் வீட்டுக்கே வந்து சரி செய்து தருவார் என்றார். இங்கேதான் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்க வேண்டியிருந்தது. வேனில் வருகிறவர் பெயின்ட் அடிப்பார், கடைசல் எந்திரம் கொண்டுவர மாட்டார். டைமண்ட் கட் வீலுக்கு அது ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். பட்டறை மதிப்பீட்டை நீட்டினேன். சரி என்றார். இத்துடன் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்தது, இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். டயர் வேலையில் வேறு ஏதும் கோளாறு தெரிந்தால் அது தனி என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் போட்டுக் கொடுத்தேன். நாலாம் நாள் 240 பவுண்டு கணக்கில் வந்தது. அண்ணைக்குச் செய்தி சொல்லி, ஒரு பெட்டி மைசூர்பாகு கொடுத்தேன். "சீனி கூடவாக்கும்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு எடுத்தார்.

பட்டறையில் காரை விடப் போன அன்று, சாவியை வாங்குவதற்கு முன்னாலேயே அங்கிருந்தவர் ஒரு போனை எடுத்துக் காரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் குனிந்து, மெதுவாக ஒரு சுற்று வீடியோ. கையில் ஒரு தாள், அதில் நான்கு வட்டம் அச்சடித்திருந்தது. எங்கே கீறல் இருக்கிறதோ அந்த வட்டத்தில் பேனாவால் ஒரு கோடு. இடது முன்சக்கரத்தில் ஒரு வளைவு. வலது முன்சக்கரத்தில் நான்கு புள்ளி. வலது பின்சக்கரத்துக்கு வந்ததும் நின்றார்.

"இது?"

"அது நான் போட்டது."

அதற்கும் ஒரு கோடு போட்டுவிட்டு, கையெழுத்துக்காகத் தாளை என் பக்கம் திருப்பினார்.