இட்லி மாவுக்கு வந்த பெல்ட்

மெல்பர்னின் கிழக்குப் புறநகரில் குடியேறிய முதல் ஜூலை மாதம். அரைத்து வைத்த இட்லி மாவு இரண்டு நாளாகியும் அப்படியே கிடந்தது. அடுப்படியில் 12 டிகிரி குளிர். மாவு எப்படிப் பொங்கும்? குப்பையைப் போட வெளியே போனபோது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்த ஊரில் அதற்கு ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாவு புளிக்காத கதை முழுவதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்றோடு வாசலில் வந்து நின்றார். வாளியைச் சுற்றிக் கட்ட ஒரு மின்சார பெல்ட்டும் கொண்டுவந்திருந்தார். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மாவுப் பாத்திரத்தை அதற்குள் இறக்கி, வெளியே பெல்ட்டைக் கட்டி சுவிட்சைப் போட்டார். மறுநாள் காலையில் மாவு பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அந்த பெல்ட் அவர் வீட்டில் பீர் காய்ச்சும்போது அதைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்டுக்குக் குளிராமல் இருக்கக் கட்டுவதாம்.

நன்றி சொல்ல இட்லி கொண்டு போனேன். ‘சனிக்கிழமை எட்டரைக்கு வா, காய்ச்சப் போகிறேன்’ என்றார். எழுபதைத் தாண்டிய அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிய சங்கடம். பல மாதம் ‘ஹலோ’ போட்டே சமாளித்தேன்.

குடியால் வீடுகள் அழிந்த தெருவில் வளர்ந்தவன் நான். அதனால் அந்தச் சனிக்கிழமை தயக்கத்தோடுதான் போனேன். அங்கே பார்த்தது ஒரு சமையல். கார் நிறுத்தும் கொட்டகையில் 50 லிட்டர் பானை, கேஸ் அடுப்பு, ஒரு துணிப் பை. பை ஜன்னல் திரைக்குப் போடும் மெல்லிய வாயில் (voile) துணியில் அவர் மனைவி தைத்தது. முழுத் தானியத்திலிருந்து பீர் காய்ச்ச முன்பெல்லாம் மூன்று பாத்திரங்களாவது வேண்டும்: ஒன்றில் நீர் சூடாக்கி, இன்னொன்றில் தானியத்தை ஊறவைத்து, வடித்து, மேலும் வெந்நீர் ஊற்றி அலசி, மூன்றாவதில் கொதிக்கவைப்பார்கள். அத்தனையையும் ஒரே பானைக்கும் ஒரு பைக்கும் சுருக்கிய முறை 2000களின் நடுவில் ஆஸ்திரேலிய வீட்டுக் காய்ச்சலாளர்களிடம் உருவானது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஊர்ப் பெருமை தெரிந்தது.

அடுத்து மூட்டையைப் பிரித்து என் கையில் ஒரு பிடி தானியத்தைக் கொடுத்தார். மோந்து பார்த்ததும் திகைத்துப்போனேன். பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்ச எங்கள் ஆச்சி கேப்பையை ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, காயவைத்து வறுப்பாளே, அந்த வாசம். மால்ட் என்பது முளைகட்டிய பார்லிதான். முளைக்கும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதிகள்தான் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. முளைகட்டிய கேப்பைக் கூழ் பச்சைக் கேப்பைக் கூழை விட நீர்த்து, இனித்து இருப்பதும் இதனால்தான். அவரிடம் இதைச் சொன்னேன். அடுப்பை மறந்து பத்து நிமிடம் கேள்வி கேட்டார். நான் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டது அந்த நாட்டில் அதுதான் முதல் முறை.

33 லிட்டர் தண்ணீரை 69 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, பையை விரித்து, அரைத்த 5 கிலோ மால்ட்டைக் கொட்டிக் கிளறினோம். சூடு 66க்கு இறங்கியது. பழைய போர்வைகளால் பானையைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டோம். இந்த 66தான் உயிர். சில டிகிரி குறைந்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை கூடி பீர் வறண்டு இருக்கும், ஏறினால் கனமாகவும் தித்திப்பாகவும் நிற்கும். அப்புறம் கப்பியில் கயிறு போட்டுப் பையைத் தூக்கி, வடியவிட்டுப் பிழிந்தோம். பானையில் மிஞ்சிய சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டோம். அவர் போட்டது பிரைட் ஆஃப் ரிங்வுட். எங்கள் பக்கத்து ரிங்வுட்டில் உருவாக்கிய ரகம் அது. தினமும் ரயிலில் கடக்கும் ஸ்டேஷனின் பெயரை அன்றுதான் முதன்முதலாகச் சரியாகக் கேட்டேன்.

கொதித்த சாற்றை ஆறவைக்க அவர் குழாயைத் திறக்கவில்லை. சூடாகவே ஒரு தடித்த பிளாஸ்டிக் கேனில் நிரப்பி, இறுக மூடி, ஆறியபின் ஈஸ்ட் போட மறுநாள் வரை விட்டுவிட்டார். பெரும் வறட்சிக் காலத்துத் தண்ணீர்க் கட்டுப்பாடுகளில் வந்த பழக்கம் என்றார். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நான் தனியாகக் காய்ச்சியது ஜனவரியில். கராஜில் வாளியை வைத்தேன். வெயில் 38 டிகிரியைத் தொட்டது. நான் போட்ட ஈஸ்ட்டுக்கு 18லிருந்து 20 டிகிரிதான் ஏற்றது. வாளியைத் திறந்தபோது நகப்பூச்சு வாடை. அத்தனையையும் சாக்கடையில் ஊற்றியபோது மனசு வலித்தது. இப்போது கோடையில் வாளியை ஒரு தொட்டித் தண்ணீரில் வைத்து, காலையும் மாலையும் ஐஸ் பாட்டில்களை மாற்றுகிறேன். குளிர்காலத்தில் பெல்ட்.

இங்கே சொந்தத் தேவைக்கு வீட்டில் பீர் காய்ச்சலாம், விற்கக்கூடாது. சாராயம் வடிக்க அனுமதி வாங்க வேண்டும். இதையெல்லாம் போனில் எத்தனை முறை சொல்லியும் அம்மாவுக்குச் சமாதானமாகவில்லை. போன வருடம் ஆறு மாதம் தங்க வந்தவள், முதல் இரண்டு சனிக்கிழமைகள் கொட்டகைப் பக்கமே வரவில்லை. மூன்றாவது வாரம் வாசம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. ‘கேப்பைக் கூழ் மாதிரி மணக்குதே’ என்றாள். ஹாப்ஸ் போடும் முன் ஒரு தம்ளரில் சாற்றை எடுத்து ஆற்றிக் கொடுத்தேன். புளிக்காத சாறு, இதில் போதை கிடையாது என்றேன். மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்து, மீதியையும் குடித்தாள்.

பெரியவர் அப்போது தடித்த ரப்பர் உறை போட்டுக்கொண்டு, தொங்கும் பையை இரு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். ‘இப்படி அமுக்குனா பாதிச் சாறு உள்ளேயே நிக்கும், அவரைத் தள்ளிக்கச் சொல்லு’ என்று என்னிடம் சொல்லிவிட்டு உறையை வாங்கி மாட்டிக்கொண்டாள். தேங்காய்ப்பால் எடுக்கிற மாதிரி பையின் கழுத்தை முறுக்கி, முறுக்கி இறுக்கினாள். வடிந்து நின்றுபோன பையிலிருந்து சாறு மறுபடி கம்பியாக இறங்கியது. பெரியவர் அளவுப் பாத்திரத்தை எடுத்துவந்து அடியில் பிடித்தார். ஒரு லிட்டர் தேறியது.