திக்குவாயும் தாய்மாமனும்

"மாமனுக்குத் திக்கும், அதான் புள்ளைக்கும் ஒட்டிக்கிச்சு" என்பார்கள் கடலூர்ப் பக்கம். பாதி சரி. பார்த்து ஒட்டுவதில்லை, மரபணு வழியாக அந்தப் போக்கு வருகிறது. 2010-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், சொந்தத்துக்குள் மணமுடிக்கும் பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்து, ஜிஎன்பிடிஏபி மரபணுவில் மாற்றம் கண்டார்கள். செல்லுக்குள் கழிவைச் சிதைக்கும் நொதிகளுக்கு முகவரி ஒட்டும் வேலையில் பங்குள்ள மரபணு அது. திக்குபவர்களில் சிறுபகுதியினருக்கே இது பொருந்தும். ஒரே கருவில் உருவான இரட்டையரிலேயே ஒருவர் மட்டும் திக்குவதுண்டு.

மாமனுக்குத் திக்கியதா என்பதைவிட, அவருக்கு அது நின்றதா என்று கேளுங்கள். நிற்பதும் நீடிப்பதும்கூடக் குடும்பத்தில் ஓடும். 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும் திக்கல் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானே விலகும். ஆண்பிள்ளை, மூன்றரை வயதுக்குப் பின் தொடக்கம், வீட்டில் நீடித்த திக்கல் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

"த-த-தண்ணி" எனத் திரும்புகிறதா, "ம்ம்ம்மா" என இழுக்கிறதா, சத்தமே வராமல் அடைக்கிறதா என்று கவனியுங்கள். வீட்டில் சாதாரணமாகப் பேசுவதைச் சில நிமிடம் செல்போனில் பதிந்து பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். புது இடத்தில் பிள்ளை வாயே திறக்காமல் போகலாம். நாக்கில் வசம்பு தேய்ப்பது வீண். பிள்ளையின் வாக்கியத்தை நாமே முடித்துவைப்பதும் கூடாது.